தொட்டுப் பார்க்க ஒரு படகு

அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் அதற்கு ஒரு எண் போட்டு, கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். துணைக் காப்பாளராக இருந்த அவளுக்கு இது தெரியாததல்ல. அவளும் அதே கூரையின் கீழ் இருபது வருஷமாகக் குப்பை கொட்டியவள்தான். ஆனால் வியாதி இந்த அளவுக்கு முற்றிப்போயிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளம். பெரிய கூடத்தில் இருக்கும் பழைய சுடுமண் படகைப் போலவே ஒரு நகல், கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்கு. அதன் பக்கத்தில் பிரெயிலில் ஒரு விளக்கப் பலகை. அவ்வளவுதான். இதற்காக அவள் நடையாய் நடந்தாள். கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு டீ வரும். டீயோடு அந்தப் பேச்சும் இறங்கிவிடும்.

"கண் தெரியாதவங்க யாருமே இங்க வர்றதில்லையே மேடம். வராதவங்களுக்காக எதுக்கு இவ்வளவு?" என்று இயக்குநர் ஒருமுறை கேட்டார்.

"வந்தா அவங்களுக்கு இங்க என்ன சார் இருக்கு? அப்புறம் எப்படி வருவாங்க?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இயக்குநர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது ஜெயித்துவிடலாம். தங்கமான மனிதரோடு என்ன செய்வது? சிரித்துச் சிரித்தே ஆளை ஓய்த்துவிடுவார்.

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. அவள் கணவருக்குக் கண் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் அங்கே இங்கே போய்க்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் வங்கியில், கவுண்டரில் இருந்தவன் அவர் தலைக்கு மேலாக அவளைப் பார்த்து, "சாருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டான். சார் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். "நான் என்ன பார்சலா, விலாசத்தை உங்கிட்ட கேக்குறதுக்கு?" என்று வழியெல்லாம் அவளிடம் எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை.

கடைசியில் அவள் கேட்டதற்கெல்லாம் அனுமதி கிடைத்ததும், இந்தப் படகைச் சொல்லித்தான் அவரை ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். "அங்க யாரும் உங்களைக் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க. நீங்களா போய், நீங்களா தொட்டுப் பாக்கலாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

கண் நன்றாக இருந்த காலத்தில், "உன் படகு எங்க ஓடிப்போகுது, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தட்டிக் கழித்தே வந்த மனிதர் அவர். இப்போது சொன்னார்: "சரி, வரேன். ஆனா அங்கயும் இதே கதைன்னா, இனிமே என்னை எங்கயும் கூப்பிடக்கூடாது. சொல்லிட்டேன்."

திறப்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவள் காய்ச்சலில் படுத்துக் கிடந்து, அன்று காலையில்தான் எழுந்து கணவரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே அவளுக்குச் சுருக்கென்றது. புத்தம் புதிய சாய்தளம், அதன் மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள். அவருடைய கோல் முதல் தொட்டியில் போய் இடித்தது.

"அழகுக்கு வச்சோம் மேடம்" என்றார் ஓடி வந்த காவலர்.

"பரவால்ல, பச்சை வாசனை அடிக்குது. செடி நல்லாத்தான் வளருது, நடு வழியில" என்றார் கணவர். அவர் சிரித்ததால் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. முகம் சிவக்கத் தொட்டிகளை அவளே இழுத்து ஓரமாகப் போட்டாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த உயிரும் போய்விட்டது. படகின் நகல் அற்புதமாக வந்திருந்தது. துடுப்பு, கயிற்று முடிச்சு, படகோட்டியின் காது மடல் வரைக்கும் அப்படியே இருந்தன. எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். நகல் வந்த அன்று அவள் இல்லை. பண்டக அறைக்காரர் தன் வழக்கப்படி அதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டுவிட்டார். எண் போட்ட பொருள் திறந்து கிடக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். எனவே பெட்டி. பிரெயில் பலகையையும் விட்டுவைக்கவில்லை. அதுவும் பெட்டிக்குள்ளேயே, தூசி படாமல், நேராக நின்றது. வெளியே ஒரு சின்ன அட்டையில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

அவரிடம் சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் ஆசையாகக் கையை நீட்டிவிட்டார். விரல்கள் கண்ணாடியில் முட்டின. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை மெல்லத் தடவிக்கொண்டு போனார்.

"கண்ணாடியை நல்லா தொடச்சு வச்சிருக்காங்க" என்றார்.

கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

இயக்குநர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சேர்ந்தார். "வாங்க சார், வாங்க! இதுக்குப் பின்னாடி எல்லாமே மேடத்தோட உழைப்புதான். நான் வேணா விவரமா சொல்றேன், படகு எப்படி இருக்குன்னா…"

"சார், இது தொட்டுப் பாக்குறதுக்காகச் செஞ்சது" என்றாள் அவள்.

"தெரியும் மேடம். ஆனா எவ்வளவு அருமையா வந்திருக்கு பாருங்க! ஆளாளுக்குத் தொட்டா என்னத்துக்கு ஆகும்? உடைஞ்சுபோச்சுன்னா? துடுப்பு வேற கூரா இருக்கு, யாருக்காவது கையில கீறிடுச்சுன்னா? அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இது நகல் சார்! உடைஞ்சா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்!"

"நகலா இருந்தாலும் நம்பர் போட்டாச்சே மேடம்" என்றார் பண்டக அறைக்காரர், ஏதோ பிள்ளைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது என்பது போல.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். நாளைக்கு லீவு நாள், யாரும் இருக்க மாட்டாங்க. தனியா திறந்து வைக்கச் சொல்றேன். சாருக்கு நாளைக்கு வசதிப்படுமா?" கேட்டது அவளிடம்தான்.

கணவர் கோலை மடக்கினார். "வா, போகலாம்."

இப்போது விட்டால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். இந்த மனிதரை இனி எந்தச் சத்தியம் செய்தும் வெளியே கூட்டிவர முடியாது. "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று டிக்கெட் கவுண்டருக்குப் போனாள். மேசை டிராயரைக் குடைந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பினாள். பெட்டியை மூலைக்கொரு ஸ்க்ரூ பிடித்திருந்தது.

"மேடம், என்ன பண்றீங்க?"

"எழுத்து மூலமா கேளுங்க சார். எழுத்து மூலமா பதில் சொல்றேன்."

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆத்திரத்தில் அவள் அவசர அவசரமாகத் திருகினாள். டிரைவர் வழுக்கி வழுக்கி ஓடியது. ஸ்க்ரூ அசைந்து கொடுக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கணவர் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"இங்க குடு, நான் கழட்டுறேன்."

"வேண்டாங்க, கையில கீறிடும்" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. ஆத்திரத்தில் வந்த வார்த்தை இல்லை அது. பழக்கத்தில் வந்தது. காய் நறுக்கக் கத்தியை எடுத்தால் வேண்டாங்க. அடுப்புப் பக்கம் போனால் வேண்டாங்க. தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனால், இருங்க, நான் தரேன். இரண்டு வருஷமாக வீட்டில் அவர் கேட்காமல் தொடக்கூடிய பொருள் என்று எதையாவது அவள் விட்டுவைத்திருக்கிறாளா? எதுவும் நினைவுக்கு வரவில்லை. வங்கிக்காரனை எத்தனை தடவை திட்டியிருப்பாள்! அவளுக்கு அவ்வளவு பேர் முன்னாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் இடது கட்டை விரலால் ஸ்க்ரூவின் தலையைத் தேடிப் பிடித்து, டிரைவரை அதில் பொருத்தி, உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் திருகினார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். டிரைவர் வழுக்கிப் பெருவிரலில் ஏறியது. ரத்தம் துளிர்த்துக் கண்ணாடியில் பட்டது.

"ஐயோ, நான் சொன்னேனே!" என்று பதறினார் இயக்குநர்.

அவளும் பதறினாள். ஆனால் கைகளைப் பின்னால் கட்டி, ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி திருகினார். ஸ்க்ரூ கிரீச்சென்று அசைந்து கொடுத்தது.

"அடுத்தது எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"உங்க வலது பக்கம், மேல் மூலையில" என்றாள். வேறு எதுவும் சொல்லிவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.