மழை நாளில் காய்ந்த ஹாப்ஸ்

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. இறைச்சி சுடும் கொட்டகையில் அடுப்பு சும்மா கிடந்தால் கை அரிக்கும். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திட்டுகிறவர்கள் இனி சௌகரியமாகத் திட்டலாம்.

நான் டெல்மோ. மலையடி ஊரான எல் போல்சோனில் நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி ரூஃபினா ஏரிக்குப் போகிற வழியில் உள்ள சுற்றுலா விடுதியில் அறை துப்புரவு வேலை பார்க்கிறாள். பதினாறு வருடமாக யார் யாரோ படுத்தெழுந்த படுக்கையை உதறி உதறி அவள் இடுப்பு போய்விட்டது. ஆனால் பீர் காய்ச்ச நின்றாளானால் அவளுக்கு நிகர் அவள்தான். இருபது லிட்டர் பானையில் காய்ச்சுவாள். தெருவே குடித்துவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்கும்.

கடைவீதியில் பீர்க்கடை வைத்திருக்கும் ஊலிசெஸ் அதைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் போன டிசம்பரில் வாக்குக் கொடுத்தான். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ ஹாப்ஸ்; சொந்தக் கொடியில் விளைந்த ஹாப்ஸ் மட்டும் போட்டு ஒரு பீர் காய்ச்சி ஈஸ்டருக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். பிடித்துவிட்டால் அவன் கடையில் பீர் ஊற்றுகிற குழாய்களில் ஒன்று அவள் பெயருக்கு. 'வீட்டுக் கொடி பீர்' என்று பலகையில் எழுதிப் போட்டால் சுற்றுலாக்காரர்கள் மொய்ப்பார்கள் என்பது அவன் கணக்கு. குழாய் கிடைத்த மறுநாளே விடுதி வேலைக்கு முழுக்கு என்பது ரூஃபினாவின் கணக்கு. அதற்கப்புறம் மூன்று மாதம் அவள் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

கடைக்குப் பின்னால் ஆறு கொடிகள் கம்பியில் ஏறி நிற்கின்றன. வைத்து இது மூன்றாவது வருடம், முதல் முழு விளைச்சல். பிப்ரவரிக் கடைசியில் பூவைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் தூள் நன்றாகக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு ஒரே நாளில் பறித்தோம். பிசின் ஒட்டி எல்லார் கையும் கறுத்துப் போனது. எடை போட்டால் ஒன்பது கிலோ. பச்சை ஹாப்ஸ் என்பது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ மிஞ்சும்.

வெயிலில் போட்டால் வாசனை செத்துவிடும். அதனால் இறைச்சி சுடும் கொட்டகையிலேயே கூரைக்கடியில் பழைய கொசுவலைச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதில் மெல்லிசாகப் பரப்பி, கீழே மின்விசிறி வைத்தாள். பூவிதழ் மொறுமொறுவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். பூவின் நடுக்காம்பை வளைத்துப் பார்க்க வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம், அப்படியே பையில் அடைத்தால் பூசணம். பட்டென்று ஒடிந்தால்தான் காய்ந்ததாக அர்த்தம். அப்புறம் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி ஃப்ரீசரில் வைக்கலாம். உறிஞ்சுகிற யந்திரத்தைப் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வைத்து நானே செய்து கொடுத்திருந்தேன். என் பங்கு அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லையே.

மூன்றாம் நாள் காலை எல்லைக்கு அப்பால் சிலி நாட்டுப் பக்கமிருந்து மழை வந்து மலையை மூடிவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது ரூஃபினா ஒரு காம்பை வளைத்துப் பார்த்தாள். வளைந்தது. என் மூக்குக்கு நேராக விரலை நீட்டினாள்.

"குண்டு, மத்தியானம் ஒரு தடவை புரட்டிப் போடு. வேற எதையும் தொடாத."

அவள் போய் ஒரு மணி நேரத்தில் கரன்ட் போனது. விசிறி நின்றது. நான் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். பூவெல்லாம் சொதசொதவென்று மாறுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இப்படியே சாயங்காலம் வரை கிடந்தால் பூசணம் பிடித்துவிடும், குழாயும் போய்விடும். சூடு வேண்டும், அவ்வளவுதானே என்று அடுப்பைப் பார்த்தேன். அடுப்பும் என்னைப் பார்த்தது. நல்ல காய்ந்த விறகை வெளியே எரித்துக் கனல் மட்டும் எடுத்து வந்து மூலை அடுப்பில் பரப்பினேன். புகை ஒரு இழை கூட இல்லை. கொட்டகை இதமாகச் சூடேறியது. அப்போதே நான் ஒரு முக்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு நான் ஒரு வீரன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கசாப்புக் கடை எவாரிஸ்தோ டயர் ஒட்ட வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். வண்டியில் ஆட்டு விலா வைத்திருந்தான். கனலைப் பார்த்தவன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"ஏண்டா, இவ்வளவு அழகான கனலை வெறுமனே அணைய விடப் போறியா? நீயெல்லாம் மனுஷனா?"

ஹாப்ஸ் இருக்கிறது என்று சொன்னேன். அது மேலே இருக்கிறது, கறி கீழேதானே இருக்கப் போகிறது என்றான். அந்த நேரத்தில் அது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. விலாவைப் போட்ட பத்து நிமிடத்தில் கொழுப்பு உருகிக் கனலில் சொட்ட ஆரம்பித்தது. புகை குப்பென்று எழுந்து நேரே சட்டங்களுக்குள் புகுந்தது. நானும் அவனும் கார் கால்மிதியை எடுத்து வீசு வீசு என்று வீசினோம். எல்லாம் முடிந்து ஒரு பூவை எடுத்துக் கசக்கி முகர்ந்தேன். எலுமிச்சையும் புல்லும் மணக்க வேண்டிய இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணந்தது.

எவாரிஸ்தோவும் மிரண்டுதான் போனான். ஆனால் அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு மைத்துனன் இருப்பான். ஆற்றங்கரை ஹாப்ஸ் தோட்டத்தில் ஒருவன் இருந்தான். அதே ரகம், அந்த வாரம்தான் உலர்த்தியது. நாலு பழைய டயரைக் கொடுத்து ஒரு மூட்டை வாங்கி வந்தோம். புகை பிடித்ததைக் கோழிக் கொட்டிலில் கொட்டினோம், வாங்கியதைச் சட்டங்களில் பரப்பினோம். ரூஃபினா வருவதற்குள் கறியையும் தின்று முடித்தோம். அதை ஏன் சொல்ல வேண்டும், ஆனால் தின்றோம்.

வந்தவள் நேரே கொட்டகைக்குத்தான் போனாள். ஒரு காம்பை ஒடித்தாள். பட்டென்று ஒடிந்தது. உள்ளங்கையில் தேய்த்து நெடுநேரம் முகர்ந்தாள். தராசில் வைத்துப் பார்த்தாள். கறி வாசனை ஏன் என்று கேட்பாளோ என்று பயந்தேன். எங்கள் ஊரில் கறி வாசனை இல்லாத வீடு ஏது, கேட்கவில்லை. காய்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் கரன்ட் வந்ததுமே பைகளில் அடைத்து, காற்றை உறிஞ்சி, தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்கினாள். நான் ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தப்பித்த நிம்மதி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. அவள் காய்ச்சும்போதும், நுரைக்கிற சத்தத்தைக் காது வைத்துக் கேட்கும்போதும், பாட்டிலில் அடைக்கும்போதும் பக்கத்திலேயே நிற்பேன். இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மாத்தே டீ வேணுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு மாதத்தில் நான் குடித்த மாத்தேயில் ஒரு குளமே நிரம்பும்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஒரு மத்தியானம் பாட்டில்களோடு ஊலிசெஸ் கடைக்குப் போனோம். அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், முகர்ந்தான், குடித்தான், இன்னொரு வாய் குடித்தான். பிறகு நாற்காலியில் ஏறிக் கரும்பலகையில் 'ரூ' என்று எழுத ஆரம்பித்தான். ரூஃபினா என் கையைப் பிடித்தாள். ஊலிசெஸ் சாக்பீஸை நிறுத்தித் திரும்பினான்.

"இது முழுக்க உங்க வீட்டுக் கொடியோடதுதானே?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு பாவமும் அறியாத மனுஷியை என் திருட்டுத்தனத்தால் பொய்க்காரி ஆக்கப் போகிறேனே என்று தோன்றியது. முந்திக்கொண்டுவிட்டேன். மழை, கரன்ட், கனல், விலா, மைத்துனன், டயர், ஒன்று விடாமல் கொட்டினேன். கறியைத் தின்றது உட்பட.

ஊலிசெஸ் நல்லவன். பீரில் ஒரு குறையும் இல்லை என்றான். ஆனால் வீட்டுக் கொடி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தத் தோட்டத்து ஹாப்ஸ் யார் வேண்டுமானாலும் போட்டுக் காய்ச்சலாமே என்றான். அடுத்த வருடம் கொண்டு வா, குழாயை அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, 'ரூ'வைச் சட்டைக் கையால் துடைத்தான்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். நான் சொன்னதைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். வெளிய மழை கொட்டுது. கரன்ட் இல்ல. காலைல வளைஞ்ச காம்பு சாயங்காலம் பட்டுனு ஒடியுது. ஒன்பது கிலோ பச்சை காஞ்சா ரெண்டு கிலோ வராது, தராசுல வச்சா சொல்லி வச்ச மாதிரி முழுசா ரெண்டு கிலோ. நம்ம கொடி என்ன மளிகைக் கடையா?"

அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை என்றேன். நானாகச் சொல்வேன் என்று ஒரு வாரம் காத்திருந்தாளாம். அப்புறம் அவளே விட்டுவிட்டாளாம்.

"யாருக்கும் தெரியாது, குழாய் கிடைச்சா போதும்னு நினைச்சேன். உள்ள 'ஆமா'ன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், குண்டு. இருபத்திரெண்டு வருஷமா பேச வேண்டிய நேரத்துல பேசாதவன், இன்னிக்குன்னு பார்த்துப் பேசிட்ட."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஒரே குழாயை ஒருவன் இரண்டு தடவை கெடுக்க முடியுமா? நான் கெடுத்திருக்கிறேன். அவள் கண் கலங்கியிருந்தது. இன்னும் ஒரு வருடம் படுக்கை உதற வேண்டும். மன்னித்துக்கொள் என்றேன். பாலத்துக்கு வந்ததும் என் மூக்குக்கு நேராக விரலை நீட்டினாள்.

"அடுத்த வருஷம் காய வைக்கிறப்போ நீ ஊர்லயே இருக்கக் கூடாது. எஸ்கேல்ல உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு."

சரி என்றேன். அந்த நேரத்தில் கடலைத் தாண்டிப் போகச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். மிச்சப் பாட்டில்கள் இருந்த பையை என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பறிக்கிற அன்னிக்கு இரு. உன் கைதான் வேகம். பரப்பி முடிச்சதும் பஸ் ஏறிடு, நான் போன் பண்ணினதும் வா."