சந்தனம் வைத்த வாஷர்

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. வண்டி திணறினாலும் சரி, மைலேஜ் குறைந்தாலும் சரி, "எல்லாம் இந்தப் பெட்ரோல் பண்ற வேலைங்க" என்று சொல்லிவிட்டால் போதும். கஸ்டமர் தலையாட்டிவிடுவார். பாதி நேரம் அது உண்மையும்கூட. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். புது வண்டிகளை அதற்குத் தகுந்த மாதிரியே செய்கிறார்கள். பழைய வண்டியின் ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ் உப்பும், வெடிக்கும், பம்ப் அடைத்துக்கொள்ளும். மீதிப் பாதி நேரம் தப்பு எங்களுடையது. பல்லடத்தில் இருபத்தாறு வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்தும் லிங்கசாமியாகிய நான் இதை வெளியே சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் சுடலை.

சுடலை சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனிக்கு டெய்லர் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய் விடுவான், இடையில் தைத்த பீஸ் மூட்டைகளை ஏற்றி இறக்குவான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து ஆம்னி. அந்த வண்டி அவன் கைக்கு வந்த நாளிலிருந்து என்னைத் தவிர வேறு எந்த மெக்கானிக்கும் அதன் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்ததில்லை. "எங்க அண்ணாச்சி சொன்னாச் சரி" என்பான். அப்படி ஒருவன் சொல்லச் சொல்ல நமக்கும் தலை கொஞ்சம் வீங்கத்தான் செய்கிறது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வாடிக்கை வண்டிகளையெல்லாம் என் ஒர்க்‌ஷாப்பில் நானே கழுவித் தருவது வழக்கம். கடை திறந்த வருஷம் தொடங்கியது, விட மனசு வரவில்லை. பிரஷர் பம்பில் தண்ணீர் பீய்ச்சி, துடைத்து, மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து அனுப்புவேன். போன வருஷம் இருபத்திரண்டு வண்டிகள். சுடலையும் அவன் மனைவி ராமுத்தாயும் இரண்டு பிள்ளைகளும் குளித்துப் புதுத்துணி உடுத்தி வந்து, பொரி வாங்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்துப் போனார்கள். ஸ்பானர், ஜாக்கி, மேஜை, அலமாரி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒரு பொட்டு சந்தனம் வைத்தேன்.

ஐந்து நாள் கழித்துக் காலை ஆறு மணிக்குச் சுடலை கூப்பிட்டான். ஊரில் அவன் அம்மா இறந்துவிட்டாள். மூத்த மகன் அவன்தான். அவர்கள் வழக்கப்படி கொள்ளி வைக்க வேண்டியவன். ராத்திரி முழுக்கப் பெய்த மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டு பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு எட்டு மணிக்குக் கிளம்பினான்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மறுபடி போன்.

"அண்ணாச்சி, தாராபுரம் தாண்டி வந்துட்டோம். வண்டி முக்கி முக்கி நின்னுட்டு. செல்ஃப் எடுக்கு, ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு. வண்டிய இங்ஙனயே போட்டுட்டு பஸ்ஸப் புடிச்சுப் போயிரட்டா?"

அப்போது என் முன்னால் ஒரு கம்பெனி முதலாளியின் கார் கியர்பாக்ஸ் இறக்கிக் கிடந்தது. மதியத்துக்குள் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க ஆயில், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

"வேண்டாம் சுடல, பிள்ளைகள வெச்சுட்டு எங்க பஸ் மாறுவ? அங்கயே இரு. நான் கெளம்பீட்டேன்."

நான் கிளம்பவில்லை. கிளம்பாமலே கிளம்பிவிட்டதாகச் சொல்லாத மெக்கானிக் எங்கள் பக்கத்தில் கிடையாது. வாய் தானாகச் சொல்லிவிடும். அரை மணியில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு போல்ட் மரை போய்க் கழுத்தை அறுத்தது.

பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டான். "எங்க வாரீக?"

"குண்டடம் வந்துட்டேன்" என்றேன்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டான். அப்போதும் நான் காருக்கு அடியில்தான் படுத்திருந்தேன்.

"இங்ஙன மழை பலமா இருக்கு அண்ணாச்சி. ரோடு வழுக்கும், பாத்து மெதுவா வாங்க."

அம்மாவைப் பறிகொடுத்து நடுரோட்டில் நிற்பவன் எனக்குப் பத்திரம் சொன்னான். அதைக் கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டரைக்குத்தான் பெட்ரோல் கேனைக் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் நான்கு பேரும் ஒடுங்கி நின்றார்கள். தொப்பலாக நனைந்து வந்த என் தலையைத் தன் தோள் துண்டால் துடைக்க வந்தான் சுடலை. நான் முகம் கொடுக்காமல் வண்டிக்குள் குனிந்துகொண்டேன். டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். சிறிது நேரம் வைத்ததும் இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல், கீழே கலங்கலாக ஒரு அடுக்கு. முன்பெல்லாம் டேங்க்கில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் அந்தக் கொஞ்சம் மட்டும் அடியில் நிற்கும், வடித்துவிடலாம். எத்தனால் தண்ணீரைக் கண்டால் சேர்ந்துகொள்ளும். அளவு மிஞ்சியதும் பெட்ரோலை விட்டுவிட்டு இரண்டும் கூட்டாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்ஜின் முதலில் குடிப்பது அதைத்தான்.

இத்தனையும் தெரிந்த நான், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பங்க்ல தண்ணியக் கலந்துட்டானுங்க" என்றேன். டேங்க்கைக் காலி செய்து, ஃபில்டரை ஊதி, கொண்டுபோன பெட்ரோலை ஊற்றினேன். வண்டி கிளம்பும்போது மணி இரண்டே முக்கால். சுடலை அந்தப் பாட்டிலை மூடிப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

ஊரில் மழையில் கரண்ட் போய், ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. இருட்டும் முன் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்தரைக்குத் தூக்கினார்கள். தம்பி கொள்ளி வைத்தான். சுடலை ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்து நேராகச் சுடுகாட்டுக்கு ஓடியிருக்கிறான். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

பதினாறு முடிந்து மொட்டைத் தலையோடு திரும்பியவன், வீட்டுக்குக்கூடப் போகாமல் அந்தப் பாட்டிலோடு பங்க்கில் போய் நின்றான். அன்று அவனுக்குப் பெட்ரோல் போட்டது தேவிப்பிரியா என்ற பெண். "எங்கம்மா மொகத்தப் பாக்க விடாமப் பண்ணிட்டியே" என்று அவள் முன்னால் பாட்டிலை ஆட்டிக் கத்தியதை யாரோ வீடியோ எடுத்து, சாயந்திரத்துக்குள் பல்லடம் முழுக்கப் பார்த்தது. விசாரித்து முடிக்கிற வரை வேலைக்கு வராதே என்று பங்க்கில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் அவள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். அழுது முடித்த முகம், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"ஏனுங்ணா, தினமும் காலைல ஆறு மணிக்கு பங்க் டேங்க்ல கோல் விட்டுப் பாக்கறமுங்க. கோல் நுனில பேஸ்ட் தடவியிருப்போம். தண்ணி இருந்தா நெறம் மாறிரும். அன்னைக்கு மாறலீங்க. பாத்து கையெழுத்துப் போட்டது நாந்தானுங்க."

"செரி, கண்ணு."

"அன்னைக்கு எங்கிட்டப் போட்ட வண்டி நூத்துக்கு மேலீங்க. வேற ஒரு வண்டிகூட நிக்கலீங்க. நீங்கதான் பங்க்ல தண்ணி கலந்துட்டாங்கன்னு சொன்னீங்களாமா. அந்த வண்டியோட டேங்க் மூடியப் பாத்தீங்களாங்ணா?"

டேங்க் மூடி. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கண் தானாக அலமாரிக்குப் போனது. பிள்ளையார் படத்துக்குக் கீழே, பழைய ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பக்கத்தில், உப்பிப்போன கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று கிடந்தது. அதன் மேல் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம்.

எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. சுடலையின் வண்டியைக் கழுவும் முன் டேங்க் மூடியைத் திறந்தேன். எத்தனாலில் ஊறி உப்பிய வாஷர் மூடிக்குள் தன் பள்ளத்தில் உட்காராமல் வெளியே துருத்திக்கொண்டு, மூடியை மூட விடவில்லை. பிடுங்கி அலமாரியில் வைத்தேன். பூஜை முடிந்து திருப்பூரில் புதுசு வாங்கிப் போடலாம் என்று, வாஷர் இல்லாமலே மூடியைத் திருகினேன். அதன் மேலேயே பிரஷர் பம்பில் தண்ணீர் அடித்தேன். அதற்கப்புறம் ராத்திரி மழையும் சேர்ந்திருக்கிறது. மறந்துபோன அந்த வாஷருக்கு, என்னவென்று பார்க்காமலே, என் கையால் பொட்டும் வைத்திருக்கிறேன்.

"நாளைக்கு வேலைக்குப் போவ கண்ணு. தப்பு என்மேலதான்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுடலையின் லைன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற ஆம்னியின் கதவைத் திறந்து வைத்து, உள்ளே சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்க அண்ணாச்சி" என்று எழுந்தான். ராமுத்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வாசல் படியில் உட்கார்ந்து, வாஷரை அவன் கையில் வைத்து, மூடி விஷயம் முழுவதையும் சொன்னேன்.

அவன் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தனம் பொடியாக அவன் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"அந்தப் பிள்ளைய அநியாயமா ஏசிட்டேனே" என்றான். "இப்பமே போயி அவுக மொதலாளிட்ட சொல்லிருதேன். கால்ல விழணும்னாலும் விழுதேன்."

"என்னைத் திட்டு சுடல."

"உங்கள என்னத்த ஏசுறது? பூசைக்கு ஆசையாக் கழுவுனீக. மறந்துட்டீக. மனுசன் மறக்கத்தான் செய்வான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு நான் போன் போட்ட நிமிசமே கைவேலய அப்படியே போட்டுட்டு, அந்தக் கொட்டுற மழையில அத்தன தூரம் வந்தீகளே. கூடப் பெறந்தவன் வருவானா? சாவுற வரைக்கும் அத மறக்க மாட்டேன் அண்ணாச்சி."

ராமுத்தாயும் ஆமாம் என்று தலையசைத்தாள்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். தேவிப்பிரியாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். சுடலை அடுத்த வாரமும் வண்டியை என்னிடமே விடுவான். போனில் நான் சொன்ன பொய் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுந்துகூட விட்டேன். ஆனால் அந்த நன்றியைச் சுமந்துகொண்டு அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை.

"சுடல, நீ கூப்பிட்டப்ப நான் கெளம்பல."

அவனுக்குப் புரியவில்லை.

"குண்டடம் வந்துட்டேன்னு சொன்னதும் பொய்யி. ஒர்க்‌ஷாப்லயேதான் இருந்தேன். பன்னெண்டரைக்குத்தான் கெளம்பினேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சொம்பைக் கீழே வைத்தாள். இளையவன் உள்ளே டிவி பார்க்கும் சத்தம் கேட்டது.

"பத்தே காலுக்கு ஒரு மதுரை பஸ் வந்துச்சு" என்றான் சுடலை. குரல் உயரவே இல்லை. "நாங்க நிக்கிறதப் பாத்து அவனே நிப்பாட்டுனான். எழவுக்குப் போறோம்னு இவ சொன்னா. ஏறுங்க, பிள்ளைகளுக்கு எடம் தாரேன்னாரு கண்டக்டர். எங்க அண்ணாச்சி வந்துகிட்டிருக்காக, பாவம், வந்து பாத்துட்டு ஆளக் காணோம்னு தவிச்சுப் போவாகன்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

வாஷரை என் கையில் திருப்பிக் கொடுத்தான். வண்டிக் கதவைச் சாத்தினான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்காகப் பேச, பங்க் இருக்கும் பக்கம் நடந்தே போனான்.