கபரில் இறங்க ஓர் ஆள்

பூந்தமல்லியில் அந்தத் தெருவில் மீசை கறுத்த ஆம்பிளையைப் பார்க்கவேண்டுமென்றால், வீட்டுக்குள் போய்ச் சுவரில் மாட்டிய போட்டோவைத்தான் பார்க்கவேண்டும். ஒருத்தன் தமாம், ஒருத்தன் துபாய், ஒருத்தன் மஸ்கட். தெருவில் மிச்சம் இருந்தது இருமலும் தைல வாசனையும்தான். பள்ளிவாசலில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தொழுதார்கள்.

உஸ்மான் கனியின் மாடியில் மட்டும் இளவட்டச் சத்தம் கேட்கும். மகன் கலீல் ரகுமான் தமாமிலிருந்து அனுப்பிய பணத்தில், அவன் திரும்பி வந்தால் குடியிருக்க என்று கட்டிய மாடி. வந்து குடியேறியதோ, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பையன்கள். அவர்களில் பால்ராஜ் என்பவனுடைய அம்மா நாசரேத் பக்கம் தனியாகக் கிடந்தாள். இங்கே இருந்த பிள்ளை கடல் தாண்டிப் போனான், அங்கே இருந்த பிள்ளை இங்கே வந்தான். கிழங்கள் மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தன. இதை யார் இப்படி ஏற்பாடு செய்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

உஸ்மான் கனியின் மனைவி ரசூல் பீவி கோஷாவில் ரொம்பக் கண்டிப்பு. வளையல்காரரிடம்கூடக் கை நீட்டமாட்டாள். வளையலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தானே போட்டுக்கொள்வாள். படுக்கையில் விழுந்த பிறகு புருஷனிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நான் மௌத்தானா, கபர்ல அந்நிய ஆம்பள எறங்கக் கூடாது. நம்ம கலீல் எறங்கணும். வாக்குக் குடுங்க."

"இன்னா பேச்சு பேசுற நீ?" என்று அதட்டினார். அதட்டிவிட்டு வாக்கும் கொடுத்தார்.

இறந்தது பெண் என்றால் மய்யித்தைக் கபர்க் குழியில் இறக்கி வைப்பது மகன், புருஷன், கூடப்பிறந்தவன் என்று சொந்த ஆண்கள்தான். ஆண் மய்யித்துக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. யாரும் இறங்கலாம்.

அவள் ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். பக்கத்து அரிசிக் கடை போனில் தகவல் சொன்னதும் கலீல் அழுதான். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கிறது, எழுதி வாங்கிக் கிளம்பவே ஒரு வாரம் ஆகும் என்றான். ஐஸ் வைத்துக் காத்திருக்கலாமா என்று உஸ்மான் கனி பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டார்.

"மய்யித்தக் காக்க வெக்கிறது முறையில்ல பாய். ஜமாத்துப் பெரியவங்க ரெண்டு பேரு எறங்கட்டும், குத்தமில்ல."

"குத்தமில்லதான் ஹஜ்ரத். ஆனா நான் வாக்குக் குடுத்துட்டேன். நானே எறங்குறேன். என் மச்சான் எறங்குவாரு."

மச்சான் சுக்கூர், ரசூல் பீவியின் அண்ணன், மாங்காட்டிலிருந்து வந்து நின்றார். கண் ஆபரேஷன் செய்த பச்சைத் துணி இன்னும் முகத்தில் தொங்கியது.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிய பெரியவர்கள் தெருமுனைக்குள்ளேயே இளைத்துப்போனார்கள். மாடிப் பையன்கள் வந்து தோள் கொடுத்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்கவும் மூச்சு வேண்டுமே.

கபுருஸ்தானில் குழிக்கு மேலே மறைப்பாகப் போர்வை பிடிக்க வேண்டும். நாலு முனையையும் அந்தப் பையன்களே பிடித்தார்கள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. போர்வைக்குக் கீழே இரண்டு கிழவர்கள்.

"கால் பக்கம் புடி மச்சான்."

"எங்க கீது கால்? ஒண்ணும் தெரியலயே."

தலைப்பக்கத்தை வாங்கிய உஸ்மான் கனியின் முட்டி மடங்கியது. மண் சரிந்தது. விழாமல் அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குழந்தை கனம்கூட இல்லை. சமைத்த சட்டியை ஒற்றைக் கையால் இறக்கியவள் எப்போது இப்படி லேசாகிப் போனாள்? பக்கத்திலேயே இருந்தும் அவர் கவனிக்கவில்லை. முகத்தை மேற்கே கிப்லா பக்கம் திருப்பி வைத்தார்.

"பாதி வாக்குதான் காப்பாத்துனேன் பீவி. மன்னிச்சிக்கோ," என்று போர்வைக்குக் கீழே அழுதார்.

சுக்கூரை எப்படியோ மேலே இழுத்துவிட்டார்கள். உஸ்மான் கனியால் ஏற முடியவில்லை. பால்ராஜ் மண்ணில் மண்டியிட்டுக் குனிந்தான்.

"கையக் குடுங்க பாய். நான் இழுக்கேன்."

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியவன், அவர் கால் நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.

சாயங்காலம் கலீலிடமிருந்து மறுபடி போன் வந்தது. பால்ராஜ்தான் கையைப் பிடித்து அரிசிக் கடைக்குக் கூட்டிப்போய் வாசலில் நின்றான்.

"யாரு அத்தா எறங்குனது?"

"நானும் மாமாவும்."

கலீல் உடைந்த குரலில், "வேலைய உட்டுட்டு வந்துடறேன் அத்தா. உங்களுக்காச்சும் நான் பக்கத்துல இருக்கணும்" என்றான்.

உஸ்மான் கனி வாசலைப் பார்த்தார். பால்ராஜின் சட்டையெல்லாம் இன்னும் கபுருஸ்தான் மண்.

"வேலைய உட்டுடாத நைனா. உங்கம்மாவுக்குத்தான் நீ வேண்டியிருந்திச்சு. எனக்கு இன்னா, ஆம்பள மய்யித்து. யாரு வேணா எறங்கலாம்."