கீழிருந்து எண்ணினாலும் ஆறு

கும்மிடிப்பூண்டி சிப்காட் மொத்தத்துக்கும் இடுப்புப் பக்க முதுகுத்தண்டில் எலும்பு ஐந்துதான், தனக்கு மட்டும் ஆறு என்று வரதன் சொல்லாத டீக்கடை கிடையாது. கிரேன் மக்கர் செய்த ஒரு நாள், அந்த ஆறாவதின் பலத்தில் இரண்டு டன் கம்பிக்கட்டை முதுகிலேயே சுமந்து லாரியில் ஏற்றினாராம். முனகியது லாரிதானாம்.

ஆறு என்று சொன்னது, எப்போதோ மீஞ்சூரில் எக்ஸ்ரே எடுத்தவர். படத்தைக் கரையான் தின்றுவிட்டது. கூட்டாளி ஜெரால்ட் நம்பவே இல்லை. இரும்பு ஆலையில் முப்பது வருஷமாக வரதன் கிரேன் மேலிருந்து கம்பிக்கட்டுகளை எண்ணுவார். ஜெரால்ட் தரையில் நின்று அடியிலிருந்து எண்ணுவார். ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

போன வாரம் பெரியபாளையத்தில் வரதனின் வலது செருப்பு கழன்று விழுந்தது. அது தெரியாமலே கோயில் வாசல்வரை நடந்துவிட்டார். இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றது ஸ்கேன். ஆபரேஷன் தள்ளிப்போனால் பாதம் தொங்கிவிடுமாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடந்தவரின் முதுகில் டாக்டரின் விரல் கீழிருந்து ஏறியது. இது அஞ்சு, இது நாலு என்று சொல்லிப் பேனாவால் கோடு போட்டார்.

வரதன் தலையைத் தூக்கினார். தனக்கு அடியில் இருப்பது ஆறாவதாயிற்றே, ஸ்கேன்காரர் மேலிருந்து எண்ணியிருந்தால்? கத்தி ஒரு எலும்பு தள்ளி, நல்ல இடத்தில் அல்லவா இறங்கும்?

"டாக்டர், எனக்கு ஆறு இருக்குது. மேலேர்ந்து எண்ணுங்க."

டாக்டர், பக்கத்தில் நின்ற ஜெரால்டைப் பார்த்தார். இவன் எப்பவும் இப்படித்தான் கதை உட்டுக்கினு இருப்பான் என்று சொல்ல ஜெரால்ட் வாயெடுத்தார். அதற்குள் வரதனின் கை அவர் மணிக்கட்டைப் பற்றியது. நகம் பதிந்தது. ஜெரால்ட் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

"சார், புளுகும்போது இவன் சிரிப்பான். இப்போ சிரிக்கல. ஒரு தபா பாத்துடுங்க."

கடைசி விலா எலும்பு தெரிகிற மாதிரி புதிதாகப் படம் எடுத்தார்கள். டாக்டர் விலாவிலிருந்து கீழே எண்ணினார். பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, ஒரு எலும்பு மேலே புதுக் கோடு போட்டார்.

ஜெரால்டுக்கு மனசு கேட்கவில்லை. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, தன் வழக்கப்படி அடியிலிருந்து விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"ஆறுதான்டா. அந்த ரெண்டு டன் கட்ட நீதான் லாரில ஏத்தினேன்னாலும் இனிமே நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."