உயரமான ஸ்டூல்

கர்ர்க்... கர்ர்க்... கர்ர்க்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்வாசல் பக்கமிருந்து ரம்பச் சத்தம். ராக்கெட் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் துண்டை மாட்டி, அதன் இரு முனைகளையும் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தாள். முப்பது எண்ணும் வரை பிடிக்க வேண்டும். பதினேழில் கணக்கு தப்பிப்போனது.

ராக்கெட் என்பது சூப்பர் மார்க்கெட்டில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். பில் போடுவதில் அவ்வளவு வேகம். ஆனால் அந்தக் கவுண்டரில் நாற்காலி கிடையாது. ஆறு வருஷம், தினம் எட்டு மணி நேரம் நின்றதில் குதிகால் மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்தது போல உச்சந்தலை வரை ஏறும்.

மேனேஜர் ஆறு வாரம் லீவு கொடுத்திருந்தார். "ஒண்ணாம் தேதி வந்து முழு ஷிஃப்ட் நிக்கணும். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றும் சொல்லியிருந்தார்.

இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

"என்கிட்ட இருக்கிறது பாதி வைத்தியம். மீதி உங்க வீட்டுல இருக்கு" என்றார் பிசியோதெரபிஸ்ட் அம்மா. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட வேண்டும். உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்ட வேண்டும். முக்கியமாக, சமையலை உட்கார்ந்து செய்ய வேண்டும். அதற்காகத்தான் மூடப்போகிற ஜூஸ் கடையிலிருந்து அந்த உயரமான ஸ்டூலை வாங்கி வந்தாள். உட்கார்ந்தால் அடுப்பு சரியாகக் கைக்கு எட்டும். நாலு வாரத்தில் வலி பாதியாகக் குறைந்திருந்தது.

கர்ர்க்... கர்ர்க்!

ஏதோ பொறி தட்ட, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள். வலியில் கண் இருட்டியது. பின்வாசலில் மாமனார் ஸ்டூலைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று கால்களின் அடிப்பகுதி முழங்கை நீளத்துக்குத் துண்டாகிக் கீழே கிடந்தது. நாலாவதில் ரம்பம் பாதி இறங்கியிருந்தது.

"மாமா! என்ன பண்றீங்க?"

காதில் பென்சில் செருகியிருந்த மாமா பெருமையாக நிமிர்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தச்சர். "உட்கார்ந்தா பாதம் தரையில படணும்மா. இதுல கால் தொங்குது. நாப்பது வருஷம் நாற்காலி செஞ்சவனுக்கு இது தெரியாதா? நீ அறுத்துத் தரச் சொன்னேன்னு உங்க அத்தை சொன்னா. உடனே ரம்பத்தை எடுத்துட்டேன்."

"நானா சொன்னேன்?"

மாமாவின் கை நின்றது. "சொல்லலையா?"

ராக்கெட் கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். இந்த உயரத்தில் இனி உட்கார்ந்தால் அடுப்பு மூக்குக்கு நேராக வரும். நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். மாமியார் மேடைப் பக்கம் திரும்பி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அத்தை பொய் சொன்னீங்க?"

"ஏன், இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" மாமியார் திரும்பவே இல்லை. "அடுப்படியில சிம்மாசனம் போட்டு உட்கார்ந்து சமைக்கிறதை நான் எங்கயும் பார்த்ததில்லை. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"யாரு வர்றா? சிலிண்டர் போடுறவர்தான் வர்றார். என் ஸ்டூலைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்துட்டாரா?"

"வாய் மட்டும் ராக்கெட் மாதிரிதான் போகுது."

"கால் போகலையே அத்தை! அதுக்குத்தானே நாலு வாரமா இந்தப் பாடு படறேன்!"

சத்தம் கேட்டு அவள் கணவன் செல்போனும் கையுமாக வந்தான். பஸ் டிரைவர். இன்று அவனுக்கு விடுமுறை. "ஒரு ஸ்டூலுக்கா இவ்வளவு ரகளை? வேற ஒண்ணு வாங்கினா போச்சு."

"நீங்க பேசாதீங்க! உட்கார்ந்தே சம்பாதிக்கிற ஆளு நீங்க. ஒரு நாள் அந்த பஸ்ஸை நின்னுக்கிட்டே ஓட்டிட்டு வந்து எனக்கு புத்தி சொல்லுங்க."

ரம்பத்தைக் கையில் பிடித்தபடி மாமாவும் வாசற்படியில் வந்து நின்றார்.

ராக்கெட் மறுபடியும் மாமியார் பக்கம் திரும்பினாள். "இன்னொரு ஸ்டூல் வரும் அத்தை. அதையும் அறுக்கச் சொல்லுவீங்க. பன்னெண்டு நாள்ல என்னால நிக்க முடியலைன்னா என் வேலை போயிடும். உங்களுக்கு அதுதான் வேணுமா? குதிகால் வலின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வலிச்சிருந்தா இப்படிப் பண்ண மனசு வந்திருக்குமா?"

கத்தி வெங்காயத்தில் பாதியில் நின்றது.

மாமியார் மெல்லத் திரும்பினார். இடுப்பை மேடையில் சாய்த்து, பாரம் முழுவதையும் வலது காலில் போட்டிருந்தார். இடது காலில் விரல்கள் மட்டும்தான் தரையைத் தொட்டன. அந்தக் குதிகால் தரையில் படவே இல்லை.

அவர் மருமகளைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்றவரையே வெறித்துப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷமா வலிக்குது. ஊருக்கெல்லாம் நாற்காலி செஞ்ச மனுஷன், எனக்கு ஒரு முக்காலி செஞ்சு போட்டாரான்னு கேளு!"