சுருங்கிய வலி

"இடது கால்ல மட்டும் நின்னு ஒரு தடவை குதிங்க," என்றார் மருத்துவர்.

தம்பி சிரித்தான். "என்ன டாக்டர், நொண்டி ஆட்டமா?"

குதித்தான். பாதம் தரையைத் தொட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. சுவரைத் தேடிய கை, எடை பார்க்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற அக்கா ஓடிவந்து அவனைத் தாங்கினாள். தீயணைப்புப் படைத் தேர்வுக்கு உடற்தகுதிச் சான்றிதழ் வாங்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். மருத்துவர் பேனாவை மூடிவிட்டு, ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்.

அவள் ஒரு கால்பந்துக் கழகத்தில் வீரர்களுக்குத் தசை பிடித்துவிடுபவள். அவர்கள் வைத்த பட்டப்பெயர் இடுக்கி. தம்பி ஓட்டப் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அவன் கால் அவள் பொறுப்பு. முதலில் முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, ஒரு சாண் நீளத்துக்கு வலித்தது. கெட்டித் தரையில் ஓடுகிற யாருக்கும் வருவதுதான். பயிற்சியைக் குறைக்காமல் மாலைதோறும் எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரு சாண் வலி நாலு விரலகலம் ஆனது. பிறகு சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒடுங்கியது. குணமாகிறது என்று இருவருக்கும் ஒரே சந்தோஷம். மிஞ்சிய அந்தப் பொட்டையும் விரட்டிவிட அவள் இன்னும் பலமாக அழுத்தினாள்.

ஸ்கேனில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. நடுவே மயிரிழைபோல ஒரு கோடு.

"எலும்பு விரிசல்," என்றார் மருத்துவர். "வலி பரவலா இருந்தப்பவே ஓய்வு குடுத்திருந்தா சரியாப் போயிருக்கும். ஒரே இடத்துல குவிஞ்சு நின்னா அது குறையுறது இல்லைம்மா. எலும்பு விட்டுக்கொடுக்குதுன்னு அர்த்தம்."

"நான் அங்கேயேதான் அழுத்தினேன் டாக்டர்."

"விரிசல் அழுத்தினதால வரல, ஓடினதால வந்தது. வர்ற திங்கக்கிழமை தேர்வுல ஓடினா ரெண்டாவே முறிஞ்சிடும்."

அவள் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அறைக்கு வெளியே நடைக்கூடப் பெஞ்சில் தம்பி காலை நீட்டி உட்கார்ந்தான். வயது வரம்புப்படி திங்கட்கிழமைத் தேர்வுதான் அவனுக்குக் கடைசி.

"இறுக்கமாக் கட்டுப் போட்டு விடுக்கா. ஒரே ஓட்டம். அப்புறம் வருஷம் பூரா படுத்துக்கிறேன்."

"முடியாது."

"அந்தக் கோல்கீப்பருக்குப் போட்டு விட்டியே? கால் வீங்கி யானைக்கால் மாதிரி இருந்துச்சு, முழு ஆட்டமும் ஆடினான்."

"அது சுளுக்குடா."

"இதையும் நீ வெறும் சதை வலின்னுதானே சொன்னே?"

நாள்தோறும் வலியைச் சுருக்கிக் காட்டி, ஓடு ஓடு என்று அவனை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது அவள்தான்.

"நீ கட்டலைன்னா நானே கட்டிக்கிறேன்," என்று எழுந்தான்.

அக்கா அவனைத் திரும்ப உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, அவன் இடது காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கழற்றினாள். பிறகு வலதையும். அவன் தடுக்கவில்லை, என்ன நடக்கிறதென்று புரியாதவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"என்மேல எவ்வளவு கோவம் வேணா படு. எலும்பு ஒட்டினதும் என்கூடப் பேசாமலேகூட இருந்துக்கோ. இப்ப என் தோளைப் பிடி."

"ஓடாம நான் என்ன பண்ணுவேன்க்கா?"

"தெரியலடா."

காலணிகளைப் பைக்குள் திணித்துவிட்டு அவள் தோளைக் கொடுத்தாள். அவன் பிடிக்கவில்லை. சுவரோரமாகத் தடவித் தடவி, காலுறையோடு, அவளுக்கு முன்னால் வாசலை நோக்கி நொண்டிக்கொண்டே போனான்.