கயிற்றுக்கு இரண்டு பக்கமும்

அண்ணனும் நானும் பேசி ஆறு வருஷமாகிறது. நடுவில் சேதி கொண்டுபோய்ச் சொல்ல அண்ணி மட்டும் இல்லையென்றால் ஒருவன் மண்டையை இன்னொருவன் எப்போதோ பிளந்திருப்பான். அப்பா விட்டுப்போன குளத்தில் எவனுக்கு எந்தப் பாதி என்று தொடங்கிய சண்டை. கடைசியில் குறுக்கே ஒரு நைலான் கயிற்றைக் கட்டினோம். அந்தக் கரையில் அவன் வீடு, இந்தக் கரையில் என் வீடு. அவன் தன் பாதியைச் சுத்தம் செய்யாதபோது எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து என்று நான் விட்டேன். அவனும் அப்படியே விட்டான். ஆகாயத்தாமரை இரண்டு பக்கமும் சமமாக மண்டியது.

மீன்களுக்கும் கயிறு கிடையாது. அவை அண்ணியுடையவை. மூன்று வருஷத்துக்கு முன் விரல் நீளக் குஞ்சுகளாக வாங்கி விட்டார். இப்போது ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கைதட்டினால் படிக்கு வந்துவிடும். அந்த வீட்டில் தன்னுடையது என்று அவர் சொல்லி நான் கேட்டது அவற்றை மட்டும்தான்.

பத்து நாளில் குளத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் மண் கொட்டி மூடிவிடுவோம் என்று நகராட்சிக்காரர்கள் இரண்டு வீட்டுக் கதவிலும் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். அண்ணி ஓடி வந்தார்.

"குளத்தை மூடிட்டா என் மீனுங்க என்ன ஆகும் தம்பி? ரெண்டு பேரும் இறங்குங்க. பேசவெல்லாம் வேண்டாம்."

அண்ணிக்காக இறங்கினேன். மார்பளவு தண்ணீரில் நின்று, கொடியை அறுத்து, மூங்கில் கழியால் கரைக்குத் தள்ளினேன். ஐந்து நாளில் முதுகு கழன்றது. அண்ணன் மேலே மிதந்ததை மட்டும் வாரிப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டான். சோம்பேறி! இவனுக்கு வேலை என்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று, பல் வைத்த இரும்பு வாரியில் கயிறு கட்டி அடிச்சேற்றையும் இழுக்க ஆரம்பித்தேன்.

அன்று வானம் மூடியிருந்தது. ஒரு இலை அசையவில்லை. சேறு கறுப்பாகக் குமிழிவிட்டு, அழுகிய முட்டைபோல் நாறியது. அண்ணன் எதிர்க்கரையில் எழுந்து நின்று என்னையே பார்த்தான். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். ஆனால் கௌரவம் குறைந்துவிடுமே! உள்ளே போய்க் கத்தினான். சற்று நேரத்தில் அண்ணி டீ கொண்டுவந்தார்.

"என்னவாம் துரைக்கு?"

"தம்பி வேலையில கெட்டிக்காரன்னு சொன்னாரு."

நம்பத்தான் முடியவில்லை. ஆனாலும் உச்சி குளிர்ந்துபோய், இருட்டும்வரை இழுத்தேன்.

விடிந்து பார்த்தால், தண்ணீர் முழுக்க மீன் வாய்கள். மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. மோட்டாரைப் போட்டு நல்ல தண்ணீரைப் பீய்ச்சினேன். அண்ணனும் குதித்து, வாளி வாளியாக மொண்டு மேலிருந்து ஊற்றினான். பத்து மணிக்குள் எல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. கொடி ஒன்றுகூட இல்லாமல் குளம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அடிச்சேத்தைக் கலக்காதே, மீன் மூச்சு முட்டிச் சாகும்னு நேத்தே சொல்லி அனுப்பினேனேடா!" அண்ணன் என் முகத்தைப் பார்த்துக் கத்தினான். "மீன் பண்ணையில எட்டு வருஷம் இருந்தவன் பேச்சை நீ கேக்க மாட்டியா?"

"எவன்டா சொன்னான்? கெட்டிக்காரன்னுதானே சொல்லி அனுப்பினே!"

இருவரும் திரும்பினோம். அண்ணி படியில் ஒரு மீனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அறிவுகெட்ட கழுதைன்னுதான் ஆரம்பிச்சீங்க," என்றார் அண்ணனிடம். "நீங்க ரெண்டு பேரும் அப்படி ஆரம்பிச்சாலே நான் காதை மூடிக்குவேன். நானா ஏதாவது நல்லதா சேர்த்துச் சொல்வேன். ஆறு வருஷமா அப்படித்தான். அதுக்கப்புறம் என் மீனைப் பத்தி சொன்னது என் காதுல விழல."

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

மறுநாள் அண்ணி என் வாசலில் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது.

"உங்க அண்ணன் சொல்லி அனுப்பினாரு. கொலைகாரப் பாவி, சோத்துக்குச் செத்த நாய், செத்ததெல்லாம் உன் பக்கத்துலதான் புதைக்கணும், அந்த நாத்தத்துலயே நீ கிடந்து சாகணும்."

ஒரு சொல்லையும் விடவில்லை. குரலும் ஏறவில்லை, இறங்கவில்லை. பதிலுக்கு என் நாக்கின் நுனிவரை ஒன்று வந்துவிட்டது.

"சொல்லுங்க தம்பி," என்றார் அண்ணி. "இனிமே எதையும் மாத்த மாட்டேன். அப்படியே கொண்டுபோய்ச் சொல்றேன்."

அந்த வாயால் அதைச் சொல்ல வைக்க என்னால் முடியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்துக் கரைக்குக் குழி வெட்டப் போனேன். அண்ணி பதிலுக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.